ஆடுகள் கட்டிய ஊர்கள்: இத்தாலியின் மலைக் கிராமங்களை ரசிப்பது எப்படி?

ரோமுக்குக் கிழக்கே, அப்ருட்ஸோ மாநிலத்து மலைகளில், 1,250 மீட்டர் உயரத்தில் சாந்தோ ஸ்தேஃபனோ தி செஸ்ஸானியோ என்றொரு குட்டி ஊர் இருக்கிறது. பேர்தான் நீளம், நிரந்தரமாக வசிப்பவர்கள் நூறு பேருக்குச் சற்று மேலே இருந்தால் அதிகம். ஊரின் கல் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு குடும்ப முத்திரை தெரியும். கேடயத்தின் மேல் உருண்டை உருண்டையாகச் செதுக்கியிருப்பார்கள். ஃப்ளாரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பத்தின் முத்திரை அது. மைக்கேலாஞ்சலோவை ஆதரித்தவர்கள், ராஜாக்களுக்கே கடன் கொடுத்தவர்கள், தங்கள் வீட்டிலிருந்தே போப்பாண்டவர்களை ரோமுக்கு அனுப்பியவர்கள். இந்த மலைக்காட்டில் அவர்களுக்கு என்ன வேலை?

கம்பளி வேலை. 1579-இல் இந்த ஊரை விலைக்கு வாங்கி, 1743-இல் அந்த வம்சமே முடிந்துபோகும் வரை கையில் வைத்திருந்தார்கள். சுற்றியுள்ள மலைகளில் மேய்ந்த ஆடுகளின் கறுப்புக் கம்பளி, துறவிகளின் அங்கிக்கும் சிப்பாய்களின் உடுப்புக்கும் போனது.

இத்தாலியின் உள்நாட்டில் குன்று தவறாமல் இப்படி ஒரு பழைய கல் ஊர் உட்கார்ந்திருக்கும். 'போர்கோ' என்பார்கள். முதல் ஊரைப் பார்த்ததும் வாய் பிளப்போம். மூன்றாவது ஊரில் அதே சந்து, அதே ஜெரேனியம் தொட்டி, அதே பூனை என்று தோன்ற ஆரம்பிக்கும். ஐந்தாவது ஊரில் போனை எடுத்துவிடுவோம். குறை ஊரிடம் இல்லை. நாம் அதனிடம் எதுவும் கேட்கவில்லை. இந்த ஊர்களை ரசிக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி: இந்த ஊர் எதை வைத்துப் பிழைத்தது, அந்தப் பிழைப்பு எப்போது போனது? இதைக் கேட்டுக்கொண்டே நடந்தால் சுவர், சர்ச், சாப்பாடு, பூட்டிக் கிடக்கும் வீடு எல்லாம் பேச ஆரம்பித்துவிடும். கேள்வியைப் பழகிக்கொள்ள அப்ருட்ஸோ நல்ல இடம். டஸ்கனி அளவுக்கு இங்கே கூட்டம் கிடையாது. பதிலும் பெரும்பாலும் ஒன்றே: ஆடு.

கிரான் ஸாஸ்ஸோ மலைத்தொடரின் மேல் கம்போ இம்பெராத்தோரே என்ற பரந்த மேட்டுப் புல்வெளி கிடக்கிறது. கோடையில் ஆடுகளுக்குச் சொர்க்கம், குளிர்காலத்தில் வெறும் பனி. அதனால் இலையுதிர் காலம் தொடங்கியதும் மந்தைகளை ஓட்டிக்கொண்டு, தெற்கே புல்யா மாநிலத்தின் ஃபோஜா சமவெளிக்கு நடந்தே போவார்கள், வசந்தத்தில் திரும்புவார்கள். அப்ருட்ஸோவின் லாக்விலா நகரத்திலிருந்து ஃபோஜாவுக்கு ஆடுகளுக்கென்றே ஒரு பாதை இருந்தது. நீளம் 244 கிலோமீட்டர், அகலம் 111 மீட்டர். இன்றைய ஆறு வழிச் சாலையைவிடப் பல மடங்கு அகலமான புல் பாதை! 1447-இல் நேப்பிள்ஸ் மன்னர் அல்ஃபோன்ஸோ இந்த மந்தைகளுக்கு வரி போட்டு, கணக்குப் பார்க்கத் தனி அலுவலகமே திறந்தார். அரசாங்கக் கஜானாவை நிரப்பிய தொழில் என்பதால்தான் அதற்கு அத்தனை அகலமான பாதையும் அத்தனை சட்டமும்.

1806-இல் அந்த ஏற்பாடு ஒழிக்கப்பட்டது. சமவெளியில் மேய்ச்சல் நிலம் கோதுமை வயலானது; பின்னால் வெளிநாட்டுக் கம்பளி மலிவாக வந்து இறங்கியது. பிழைப்புப் போன ஊரில் யார் இருப்பார்கள்? அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பல் ஏறினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ரயில் ஏறினார்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் சுரங்கத் தீ விபத்தில் இறந்த 262 பேரில் 136 பேர் இத்தாலியர்கள். அப்ருட்ஸோவிலிருந்து போனவர்கள் அதில் ஏராளம். இந்த ஊர்கள் இன்று அழகாக இருப்பதற்குக் காரணம் யாரோ அக்கறையாகப் பாதுகாத்தார்கள் என்பதல்ல. இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்ட ஊரில் ஆளும் இல்லை, காசும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடப்பது சுற்றுலாப் பயணிக்குச் சற்றுச் சங்கடமானதுதான். ஆனால் இதை மறந்துவிட்டு ரசித்தால், சினிமா செட்டைப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

இனி சுவருக்கு வருவோம். சாந்தோ ஸ்தேஃபனோவைச் சுற்றி வெளியிலிருந்து ஒரு நடை நடந்து பாருங்கள். தனியாகக் கோட்டைச் சுவர் என்று ஒன்று கிடையாது. ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே ஒன்றோடொன்று ஒட்டி ஊருக்கு மதிலாக நிற்கின்றன. கீழே ஜன்னல் மிகக் குறைவு. உள்ளே போனால் சந்துகளில் பாதி, வீடுகளுக்கு அடியில் குடைந்துபோகும் மூடிய வழிகள். பனிக்காலத்தில் நனையாமல் போகலாம், இடமும் மிச்சம். அகலமான கல் ஜன்னல், நடுவில் மெல்லிய தூண், மேலே இரட்டை வளைவு என்று ஒரு வீடு கண்ணில் பட்டால் அது கம்பளிப் பணம் தங்கிய வீடு. பக்கத்திலேயே, தெருவிலிருந்து நேரே மாடிக்குக் கல் படி ஏறி, கீழே தாழ்வான கதவோடு இருக்கும் வீட்டில் கீழ்த்தளம் விலங்குகளுக்கு, மாடி மனிதர்களுக்கு. வாசல் நிலைக்கல்லில் வருஷம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

பிறகு நிலநடுக்கம். இந்த மண்ணில் அது வந்து போகும் விருந்தாளி இல்லை, குடியிருப்பவன். சுவரின் மேல்பகுதியில் பெருக்கல் குறி மாதிரியோ நீளக் குச்சி மாதிரியோ இரும்பு பதித்திருப்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு உள்ளே ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் முடிச்சுதான் வெளியே தெரிவது. ஆட்டம் வரும்போது சுவர்கள் வெளிப்பக்கம் விரிந்து விழாமல் அது இழுத்துப் பிடிக்கும். சந்துக்கு மேலே எதிரெதிர் வீடுகளை இணைக்கும் சின்னக் கல் வளைவுகளும் பல இடங்களில் இப்படிப்பட்ட முட்டுதான். எல்லோரும் அதற்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஏன் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. வெளியே எளிமையான இடைக்காலக் கல் முகப்பும் உள்ளே பதினெட்டாம் நூற்றாண்டின் சுதைப் பூங்கொத்துகளுமாக ஒரு சர்ச் இருந்தால், இடையில் நடந்தது 1703-ஆம் ஆண்டின் நிலநடுக்கம் என்று துணிந்து ஊகிக்கலாம். 2009 ஏப்ரல் 6 அதிகாலையில் லாக்விலாவை உலுக்கி 309 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில், சாந்தோ ஸ்தேஃபனோவின் நடுவே நின்ற வட்டக் கோபுரம் இடிந்து விழுந்தது. அதை மறுபடி எழுப்பிவிட்டார்கள். சில ஊர்களில் இன்னும் மரச்சாரத்தோடும் இரும்புத் தாங்கிகளோடும் வீடுகள் நிற்கின்றன. அவற்றையும் சேர்த்தே பாருங்கள்.

சாந்தோ ஸ்தேஃபனோவிலிருந்து ரோக்கா கலாஷோ கோட்டைக்கு நடந்தே போகலாம். 1,460 மீட்டரில், நான்கு மூலையிலும் வட்டக் கோபுரங்களோடு நிற்கும் சிதிலம். 1703-க்குப் பிறகு மக்கள் கோட்டைக்கு அருகிலிருந்த வீடுகளை விட்டு, கீழேயுள்ள கலாஷோவுக்கு இறங்கிவிட்டார்கள். 1985-இல் வந்த 'லேடிஹாக்' படத்தில் இந்தக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். இப்போது இன்ஸ்டாகிராம் புண்ணியத்தில் விடுமுறை நாட்களில் நெரிசல். காலையில் சீக்கிரம் ஏறிவிடுங்கள். கோட்டையைவிட அதற்குச் சற்றுத் தள்ளித் தனியாக நிற்கும் எண்கோண வடிவத் தேவாலயத்தின் பக்கம் அதிக நேரம் செலவழிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நேரம் குறைவு, ஒன்றே ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால் நான் கோட்டையைச் சொல்ல மாட்டேன். பொமினாக்கோவைச் சொல்வேன். நவெல்லி சமவெளிக்கு மேலே, நாலு வீடு என்று சொல்லத்தக்க சிற்றூர். அங்கே இரண்டு தேவாலயங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு காலத்தில் மடாலயமாக இருந்த இடம். பெரியது கல் வேலைக்குப் பேர் போனது. சிறியது சான் பெல்லெக்ரீனோ. வெளியிலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கோ என்று தோன்றும். பூட்டியிருந்தால் பதறாதீர்கள். இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் வழக்கம் இதுதான்: கதவில் ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருக்கும், அல்லது சாவி யாரிடம் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கூப்பிட்டால் சாவிக்காரர் கை வேலையை முடித்துவிட்டு வருவார். அதுவரை புல்லில் உட்கார்ந்திருங்கள். திறந்து காட்டியவர் கையில் காணிக்கையாகச் சில யூரோக்கள் கொடுப்பது மரியாதை.

உள்ளே கால் வைத்ததும் படம் எடுக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். படகைக் கவிழ்த்துப் போட்டது போன்ற கூரையிலிருந்து சுவரின் அடிப்பகுதி வரை வெற்றிடமே இல்லாமல் ஓவியம். 1263-இல் தியோதினோ என்ற மடாதிபதியின் காலத்தில் வரைந்தது. பட்டை பட்டையாக இயேசுவின் பிறப்பு, பாடுகள், தீர்ப்பு நாள் என்று கதை ஓடுகிறது. நம் கண் அலைபாயும். அதனால் ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு அதன் கடைசி வரை போய்விட்டு அடுத்ததற்கு வாருங்கள். பெரிய உருவத்தில் புனித கிறிஸ்டோபர் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்தவருக்கு அன்றைக்குச் சாவில்லை என்பது இடைக்கால ஐரோப்பாவின் நம்பிக்கை. வழிப்போக்கர்களுக்கு எட்ட இருந்தே தெரியட்டும் என்றுதான் அவரை வழக்கமாக அவ்வளவு பெரிதாக வரைந்தார்கள். பாதையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் இடையர்கள் நிறைந்த மண்ணில் அவர் வேறெப்படி இருக்க முடியும்? சுவரில் ஒரு நாட்காட்டியும் உண்டு. மாதவாரியாக, இந்தப் பகுதி மறைமாவட்டத்தின் திருநாட்களைக் குறித்துவைத்திருக்கிறார்கள். காலண்டர் அச்சடிக்க வழியில்லாத காலத்தில் ஊருக்கு இதுதான் காலண்டர். நடுவே குறுக்காக இரண்டு கல் தடுப்புகள்; ஒன்றில் யாளியைப் போன்ற கழுகுத்தலைச் சிங்கம், இன்னொன்றில் டிராகன். அரை மணி நேரம் போவது தெரியாது. டிக்கெட் கவுன்ட்டர் இல்லை, வரிசை இல்லை. பல நேரங்களில் நீங்களும் சாவிக்காரரும் மட்டும்தான்.

ஊரின் நேரத்துக்கு நாம் பழகாவிட்டால் எதுவும் கைக்கு எட்டாது. மதியம் ஒரு மணிக்குக் கடை அடைத்தால் நாலு, நாலரைக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் வந்திறங்கி, "ஊரே செத்துக் கிடக்கிறது" என்று திரும்பிப் போகும் பயணிகள் அநேகம். பகலில் வந்து பகலில் போகாதீர்கள். குறைந்தது இரண்டு இரவாவது ஒரே ஊரில் தங்குங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அதே தெருவுக்குப் போனால் பெஞ்சில் பாட்டிகள், 'பார்' வாசலில் சீட்டாட்டம், கையில் குழந்தையோடு உலாத்தும் தம்பதிகள். பார் என்றால் சாராயக் கடை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காபி, சிகரெட், பஸ் டிக்கெட், லாட்டரி, ஊர் வம்பு எல்லாம் கிடைக்கும் இடம் அது. நின்றுகொண்டே காபி குடித்தால் விலை குறைவு. எதிரில் யார் வந்தாலும் காலையில் 'புவோன் ஜோர்னோ', மாலையில் 'புவோன சேரா' என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். சொல்லாமல் கடந்துபோவது அங்கே அவமரியாதை. சொல்லிவிட்டால் அடுத்த நிமிடமே எந்த நாடு, எத்தனை பிள்ளைகள் என்று விசாரணை ஆரம்பமாகிவிடும்.

இன்னொன்றையும் படிக்கச் சொல்வேன்: சுவரொட்டிகளை. நம்மூர் கண்ணீர் அஞ்சலி போலவே அங்கும் இறந்தவர் பெயர், வயது, அடக்கத் திருப்பலி நேரம் அச்சடித்து ஊர்ப் பலகையில் ஒட்டுவார்கள். இத்தாலி மொழி தெரிய வேண்டாம். வயதுகளைப் பாருங்கள்: எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று. பிறகு சதுக்கத்தில் இருக்கும் முதல் உலகப் போர் நினைவுக்கல்லில் குடும்பப் பெயர்களைப் பாருங்கள். அதே மூன்று, நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சுவரொட்டியிலும் அதே பெயர்கள்.

சாப்பாட்டிலும் அதே கேள்விதான். சாந்தோ ஸ்தேஃபனோவின் பருப்பு உருவத்தில் மிளகைவிடச் சின்னது, கரும்பழுப்பு நிறம், ஊறவைக்கத் தேவையில்லை. நாம் மைசூர்ப் பருப்பு என்று சொல்லும் அதே இனம். ஆயிரம் மீட்டருக்கு மேல், கல் நிறைந்த வறண்ட நிலத்தில் விளைவது. வேறெதுவும் ஒழுங்காக விளையாத மண்ணில் ஊரைக் காப்பாற்றியது. பூண்டு, பிரியாணி இலை, ஆலிவ் எண்ணெய், உப்பு போட்டு வேகவைப்பார்கள், அவ்வளவே. முதல் கரண்டியில் 'தாளிப்பு எங்கே?' என்று நாக்கு கேட்கும். மூன்றாவது கரண்டியில் பருப்பின் சொந்த ருசி தெரியும். ஆட்டிறைச்சி சாப்பிடுபவர்களுக்கு 'அரோஸ்திச்சீனி': சுண்டுவிரல் நகம் அளவு செம்மறித் துண்டுகளைக் குச்சியில் கோத்து, நீளமான குறுகிய கரித்தொட்டியின் மேல் வாட்டித் தருவார்கள். தட்டுக் கணக்கில்லை, குச்சிக் கணக்கு. ஆளுக்குப் பத்து என்று ஆரம்பியுங்கள். முள்கரண்டி தேடாமல் பல்லால் இழுத்துத் தின்பதுதான் அங்கே முறை.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பருப்புச் சூப்பில் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பெக்கொரீனோ என்ற ஆட்டுப்பால் சீஸைப் பரம்பரை முறையில் திரிய வைப்பது விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள்தான். ஃபரிந்தோலா ஊரின் சீஸுக்குப் பன்றியின் இரைப்பை. சீஸ் ஆகாதென்றால், கம்பி கட்டிய மரப்பெட்டியில் மாவுத் தகட்டை வைத்து அழுத்தி வெட்டும் 'கித்தாரா' பாஸ்தாவைத் தக்காளிச் சாறோடு, சீஸ் தூவாமல் கேளுங்கள். முட்டை சேர்த்த மாவு என்பது நினைவிருக்கட்டும். முட்டையும் ஆகாதவர்களுக்கு 'சாஞ்யே' என்ற வெறும் மாவு பாஸ்தா, கொண்டைக்கடலையோடு.

நவெல்லிக்கு அக்டோபரின் பின்பாதியில் போக முடிந்தால் குங்குமப்பூ அறுவடை. வெயில் ஏறிப் பூ விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் விடியலில் குனிந்த முதுகுகள் வயல் முழுக்கத் தெரியும். பிறகு வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பூவுக்கு மூன்று சிவப்பு இழைகளைக் கையால் பிரித்து, தணலின் மேல் உலர்த்துவார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் இரண்டு லட்சம் பூக்கள். கடையில் விலையைக் கேட்டதும் முகம் சுளிக்கும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு இந்த நாட்டுக்காரர்களே கண்டுபிடித்த ஒரு முறை இருக்கிறது. 1976-இல் ஃப்ரியூலி பகுதியில் வந்த நிலநடுக்கத்துக்குப் பின், வெறிச்சோடிய ஊர்களை என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்தது. ஜங்கார்லோ தல்லாரா என்பவர் அதற்கு வடிவம் கொடுத்தார். ஹோட்டல் ஒரே கட்டடத்தில் இருக்காது. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் காலி வீடுகளே அறைகள். ஒரு வீட்டில் வரவேற்பு, இன்னொன்றில் காலைச் சாப்பாடு. சாந்தோ ஸ்தேஃபனோவில் டானியேலே கில்கிரென் என்பவர் இப்படி நடத்தும் செக்ஸ்தான்தியோவில், அடுப்புப் புகை படிந்த கறுப்புச் சுவரைக்கூட வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஏழ்மையின் தடயத்தைப் பெரும் வாடகைக்கு விடுவதாக இதைக் குறை சொல்லலாம்; நியாயமும் உண்டு. ஆனால் அந்த வீடுகள் இடியாமல் நிற்பதும் அதனால்தான். கையைக் கடித்தால், பண்ணை வீடுகளில் தங்குங்கள்; சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான் இன்னும் நன்றாக இருக்கும்.

'இத்தாலியின் மிக அழகிய போர்கோக்கள்' என்று ஒரு சங்கம் 2001 முதல் இயங்குகிறது; உறுப்பு ஊர்கள் முந்நூறுக்கு மேல். பட்டியல் உதவும், ஆனால் அதிலுள்ள ஊர்களை எண்ணிக்கொண்டு ஓடாதீர்கள். லாட்ஸியோ மாநிலத்தின் சிவிதா தி பாஞோரேஜோவில் நடைபாலம் ஏற நுழைவுச் சீட்டு வாங்க வேண்டிய நிலை வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஒரு யூரோவுக்கு வீடு' செய்தியை நம்பி மனக்கோட்டை கட்டவும் வேண்டாம். சில ஆண்டுகளுக்குள் பழுதுபார்த்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையும் வைப்புத்தொகையும் அதன் பின்னால் வரும். மற்றப் பகுதிகளுக்குப் போனாலும் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பஸிலிகாத்தாவின் அலியானோ, முசோலினி அரசு கார்லோ லேவி என்ற எழுத்தாளரை 1935-இல் தண்டனையாக ஒதுக்கிவைக்கத் தேர்ந்தெடுத்த அளவுக்கு உலகத்திடமிருந்து துண்டிக்கப்பட்ட ஊர். தம்மை அங்கேயே அடக்கம் செய்யச் சொன்னார் லேவி. கல்லறை அங்கே இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் பதில் வேறு.

காலம்: மே இறுதி முதல் ஜூன், இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வெளியூர்ப் பிள்ளைகள் எல்லோரும் வீடு திரும்புவார்கள்; ஊர் களைகட்டும், அறை கிடைக்காது. பனிக்காலத்தில் கம்போ இம்பெராத்தோரே சாலையை மூடிவிடுவார்கள். மே 1 அன்று கொக்குல்லோ ஊரில் புனித தோமினிக்கின் சிலைக்கு உயிருள்ள, விஷமற்ற பாம்புகளைச் சார்த்தி ஊர்வலம் போவது தனிக் காட்சி. ரோமின் திபுர்தீனா நிலையத்திலிருந்து லாக்விலாவுக்குப் பஸ் உண்டு. அதற்கு மேல் சிற்றூர்களுக்குப் பஸ் சொற்பம், ஞாயிறன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார் எடுப்பதே சரி. ஷெங்கன் விசாவோடு, ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நகரங்களின் மையத்துக்குள் வண்டியை விடாதீர்கள். கேமரா படம் பிடித்து, அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். சீசன் இல்லாத நாட்களில் சிற்றூர் உணவகங்கள் பல வார இறுதியில் மட்டுமே திறக்கும். எனவே வார நாட்களுக்கென்று முன்கூட்டியே ரொட்டியும் பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள்.